றெஜினா எடுத்த வெறுங்கல்

றெஜினாவுக்குக் கோபம் வந்தால் அவ கதைக்கமாட்டா. சட்டி பானைதான் கதைக்கும். அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் மொன்றியலில வில்லரேப் பக்கம் இருக்கிற அவவின்ர குசினியில அகப்பையும் மூடியும் சோத்துப் பானையும் ஒண்டுமாறி ஒண்டு கதைச்சுக்கொண்டிருந்தது. மனிசன் அல்பேட் முன்னறையில இருந்து ரீவிச் சத்தத்தைக் கூட்டினார். இருபத்தஞ்சு வருசக் குடும்பத்தில அந்தாள் பழகின தற்காப்பு அது ஒண்டுதான்.

கோபத்துக்குக் காரணம் என்ன எண்டு கேட்டால் சிரிப்பியள். நல்ல செய்தி ஒண்டு வந்திருந்தது.

சபனெல் தெருப்பக்கம் ஒரு சேட்டுத் தொழிற்சாலை இருக்கு. காவல்காரர், ஹோட்டல்காரர் எண்டு வேலைக்குப் போடுற யூனிஃபோம் சேட்டுகள் அங்க தைக்கிறது. றெஜினா அதில கடைசிப் பகுதி, பத்தொன்பது வருசம். தெறி தைக்கிறது, நூல் வெட்டுறது, பிழை பாக்கிறது. தெறியைப் பொத்தான் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், யாழ்ப்பாணம் பாசையூரில பிறந்த றெஜினாவுக்கு அது தெறிதான். ஒரு சேட்டுக்கு முன்பக்கம் ஏழு, கைக்கு ஒவ்வொண்டு, கொலருக்கு ரண்டு, பேந்து உள்பக்கம் கீழ்விளிம்பில ஒரு ஸ்பெயர் தெறி. ஒண்டும் விடுபடாமல் தடவிப் பாத்துத்தான் மற்ற மேசைக்குத் தள்ளுவா.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பாய் இருந்தவ ஜினெற் எண்ட கியூபெக்காரி. அவ யூன் மாசத்தோட பென்சன் எடுக்கப்போறா. திங்கட்கிழமை காலமை முதலாளி றெஜினாவைக் கண்ணாடி அறைக்குள்ள கூப்பிட்டு, "ஜினெற்றின்ர இடம் உனக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லு" எண்டு சொல்லிப்போட்டுத் தன்ர கோப்பியைக் குடிச்சார். பதினொரு வருசமாய் றெஜினா பாத்துக்கொண்டிருந்த கதிரை அது. இதுக்கு முன்னம் ரண்டுதரம் அந்தக் கதிரை காலியானது. ரண்டுதரமும் வெளியில இருந்து ஆள் வந்தது, ரண்டாவதாய் வந்தவதான் ஜினெற். வந்த ரண்டு பேருக்கும் நூற்பெட்டி எங்க இருக்கு, எந்த மெசின் எப்ப முரண்டு பிடிக்கும் எண்டு காட்டிக் குடுத்தது ஆர்? இவதான்.

எண்டால் ஓமெண்டு சொல்லவேண்டியதுதானே எண்டு நீங்கள் கேப்பியள். அங்கதான் முள்ளு. ஒவ்வொரு வெள்ளியும் பொறுப்பாளர் கண்ணாடி அறைக்குள்ள இருந்து முதலாளிக்கு ஒரு அறிக்கை எழுதவேணும், பிரெஞ்சில. ஜினெற் தலை நிமிராமல் ஒரு மணித்தியாலம் குனிஞ்சு எழுதிக்கொண்டிருக்கிறதைப் பதினொரு வருசமாய் றெஜினா கண்ணாடிக்குள்ளால பாத்தவ. றெஜினாவுக்குப் பிரெஞ்சில சண்டை பிடிக்கத் தெரியும். விலை பேசத் தெரியும். டாக்குத்தருக்கு வருத்தத்தைச் சொல்லத் தெரியும். எழுத எண்டு பேனையை எடுத்தால் கை விறைச்சுப்போம். எழுதிப் பிழைவிட்டு, அந்தக் கண்ணாடி அறைக்குள்ள முதலாளி சிரிச்சு, வெளியில முப்பது பேர் பாக்க, பழையபடி தெறி மேசைக்குத் திரும்பி வாற காட்சி அவவுக்கு வேலையால வாற பஸ்ஸிலயே ஓடத் துவங்கீற்றுது.

அதாலதான் அண்டைக்குப் பின்னேரம் புருசனிட்டக் கேட்டா.

"இஞ்சாருங்கோ, நான் இதை எடுக்கட்டோ, விடட்டோ?"

"உம்மட விருப்பம்."

"என்ர விருப்பம் தெரிஞ்சால் உங்களை ஏன் கேக்கிறன்?"

"எடுத்தால் நல்லம். எடுக்காட்டியும் ஒண்டுமில்லை."

இதுக்குப் பிறகுதான் அகப்பை விழுந்தது.

பியர்பொன்ட்ஸில இருக்கிற தமக்கை அக்னெஸுக்கு ஃபோன் எடுத்தா. அக்னெஸ் அரை மணித்தியாலம் தன்ர முழங்கால் நோவைச் சொல்லிப்போட்டு, "மாதாவிட்டப் பாரத்தைக் குடு, அவ காட்டுவா" எண்டு முடிச்சா.

"மாதா வந்து அறிக்கை எழுதித் தருவாவோ அக்கா?"

"வாயைக் கழுவு, றெஜினா."

அடுத்தநாள் சாப்பாட்டு நேரம் பக்கத்து மேசைக் கௌரியிட்டக் கேட்டா. கௌரி சைவக்காரி, நல்ல மனிசி. "ரொறொன்ரோவில எங்கட சாத்திரியார் இருக்கிறார். ஃபோனிலயே பாத்துச் சொல்லுவார். உம்மட பிறந்த நேரத்தைத் தாரும்" எண்டா.

"எங்களுக்குச் சாத்திரம் பாக்கிறது பாவம்."

"அப்ப இருந்து முழியும்" எண்டு கௌரி சோத்துப் பெட்டியை மூடினா.

மகள் ஜெயனிக்கு இருபத்திரண்டு வயது, யூனிவேர்சிற்றியில படிக்கிறாள். அவளின்ர பதில் இன்னும் அழகு. "உங்கட மனசு என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்கோ அம்மா."

"மனசு காலமை ஓமெண்டுது, பின்னேரம் வேண்டாமெண்டுது. நான் எந்த மனசைக் கேக்க? இந்த வீட்டில, இந்த ஊரில, ஓம் இல்லை எண்டு ஒரு சொல்லு சொல்ல ஒரு மனுசர் இல்லையோ?"

ஜெயனி சிரிச்சுப்போட்டுத் தன்ர அறைக்குள்ள போய் ஒரு கறுப்பு வெல்வெட் பையைக் கொண்டுவந்து மேசையில வைச்சாள். உள்ளுக்குச் சின்னச் சின்னக் கல்லுகள், தெறியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒவ்வொண்டிலயும் ஒரு கீறல் எழுத்து. றூன் எண்டு பேராம். முந்தி வடக்கு ஐரோப்பாவில இருந்த சனத்தின்ர எழுத்தாம். கேள்வியை மனசில வைச்சுக் கையை விட்டு ஒரு கல்லை எடுத்தால் அது வழி சொல்லுமாம். கூட ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது.

"எந்தப் பாடம் எடுக்கிறது எண்டு நான் இதைத்தான் கேட்டனான்" எண்டாள் ஜெயனி.

"கல்லைக் கேட்டுத்தான் சைக்கோலொஜி எடுத்தனியோ? ஒரு வருசத்தில விட்டியே, அதையோ?"

"அது வேற கதை அம்மா."

அந்த இடத்தில றெஜினா பையைத் தூக்கிக் குப்பையில போட்டிருக்கவேணும். போடேல்லை. ஏனெண்டால் அவவின்ர மண்டைக்குள்ள ஒரு கணக்கு ஓடினது. கைரேகை, நாள், நட்சத்திரம், மை பாக்கிறது எல்லாம் கூடாது எண்டு பங்குச் சுவாமி பிரசங்கத்தில ஒவ்வொண்டாய்ப் பேர் சொல்லியிருக்கிறார். கல்லைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வாய் திறந்ததில்லை. அதோட, இது சாத்திரமும் இல்லை. இது திருவுளச்சீட்டு மாதிரி.

திருவுளச்சீட்டு எண்டால் அவையின்ர பங்குக் கோயிலில தெரியாத ஆளில்லை. ஒக்ரோபர் மாசம் மாதா சுரூபம் வீடு வீடாய்ப் போகும். முதல் எந்த வீட்டுக்குப் போறது எண்டு அடிபடாமல் இருக்கச் சீட்டுப் போடுவினம். ஒரு துண்டில 'மாதா' எண்டு எழுதியிருக்கும், மிச்சமெல்லாம் வெறுந்துண்டு. எழுதின துண்டு வந்த வீட்டுக்கு முதலாம் நாள் மாதா வருவா. வெறுந்துண்டு எடுத்தவை பேசாமல் போய்க் கோயில் வாங்கில இருக்கவேண்டியதுதான், ஆண்டவற்ற சித்தம் இல்லை எண்டு அர்த்தம். றெஜினா எட்டு வருசம் தொடர்ந்து வெறுந்துண்டு எடுத்தவ. அந்த வெறுந்துண்டைப் பற்றி அவவுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.

மூண்டு நாள், மூண்டுதரம் எடுக்கிறது எண்டு முடிவு பண்ணினா. அண்டைக்கே, செவ்வாய்க்கிழமை பின்னேரம், முகம் கழுவிக்கொண்டு மேசையில இருந்தா. கல்லுக்குத் தமிழ் விளங்குமோ எண்டு ஒரு யோசினை. கேள்வியைத் தமிழில சொல்லி, பிரெஞ்சிலயும் ஒருக்காச் சொன்னா. பையுக்குள்ள கையை விட்டு எடுத்தால் மாட்டைக் குறிக்கிற எழுத்து. ஜெயனி புத்தகத்தைப் பாத்து வாசிச்சாள்: உழைப்பின்ர பலன் வருகுதாம், பகிர்ந்தால்தான் நிலைக்குமாம்.

"அது ஓமோ, இல்லையோ?"

"அது அப்பிடிச் சொல்லாது அம்மா. நாங்கள்தான் யோசிக்கவேணும்."

"யோசிக்கிறதெண்டால் பேந்து என்ன கோதாரிக்கு இந்தக் கல்லு?"

புதன்கிழமை ஆலங்கட்டி மழையின்ர எழுத்து வந்தது. குழப்பத்துக்குள்ளால புதுசு பிறக்குமாம். றெஜினாவுக்குப் பத்தியெரிஞ்சது. மனிசனும் இதைத்தான் சொல்லுறார், தமக்கையும் இதைத்தான் சொல்லுறா, ஆயிரம் வருசப் பழைய கல்லும் இதைத்தானோ சொல்லவேணும்? தொழிற்சாலையில ஒரு சேட்டு வந்தால் நல்லது எண்டு தள்ளுவம், பிழை எண்டு எறிவம். குழப்பத்துக்குள்ளால நல்ல சேட்டு வரும் எண்டு ஒருத்தி சொன்னால் அவளை வேலையால கலைப்பினம்.

வியாழக்கிழமை ஜெயனி வீட்டில இல்லை. அல்பேட் பாண் தொழிற்சாலைக்குப் பின்னேர வேலைக்குப் போயிட்டார். றெஜினா தனியத் தேத்தண்ணியோட இருந்து கையை விட்டா. வந்த கல்லில ஒண்டுமில்லை. பிரட்டிப் பாத்தா, மற்றப் பக்கமும் ஒண்டுமில்லை. சேலைத் தலைப்பால துடைச்சுப் பாத்தா. சுத்த வெறுங்கல்.

புத்தகத்தை எடுத்தா. இருபத்திநாலு எழுத்து, ஒவ்வொண்டுக்கும் ஒரு பக்கம். வெறுங்கல்லுக்குப் பக்கமில்லை. எழுத்தில்லாததுக்கு என்னத்தைப் பக்கம்? வாசிக்கிற தேவையும் இல்லை, எட்டு வருசமாய்ப் பாத்த பதில்தானே. போய் வாங்கில இரு.

நெஞ்சு நொந்துதான் போச்சு. பதினொரு வருசம் எண்டால் சும்மாவோ? ஆனால் அந்த நோவுக்கு அடியில ஒரு நிம்மதியும் வந்தது. வெள்ளிக்கிழமைகளில எழுதத் தேவையில்லை எண்ட நிம்மதி. அதை அவ அண்டைக்குத் தனக்கே ஒத்துக்கொள்ளேல்லை. கல்லைப் பையில போட்டுக் கட்டிப்போட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சா, அது ஆறிப்போயிருந்தது.

வெள்ளி காலமை முதலாளியிட்டப் போய், வீட்டுப் பிரச்சினை, வேண்டாம் எண்டு சொன்னா. முதலாளி புருவத்தைத் தூக்கி, "நிச்சயமாவோ?" எண்டார். ஓமெண்டா. அந்தாள் பத்து நிமிசம்கூட யோசிக்கேல்லை. கண்ணாடிக்குள்ளால எட்டிப் பாத்து ஜெசிக்காவைக் கூப்பிட்டார்.

ஜெசிக்கா எண்டது எங்கட பிள்ளைதான், இஞ்ச பிறந்து வளந்தவள், இருபத்தாறு வயது, வேலைக்கு வந்து ரண்டு வருசம். ஊசிக்கு நூல் கோக்கவே றெஜினாதான் பழக்கினவ. வெளியில வந்த பிள்ளைக்கு முகம் முழுக்கச் சிரிப்பு, நேர றெஜினாவிட்ட ஓடிவந்து, "அன்ரி, உங்களாலதான்" எண்டு கட்டிப்பிடிச்சாள். றெஜினாவும் சிரிச்சா. அந்தச் சிரிப்பைத் தைச்சுக் குடுத்திருந்தால் எந்த மேசையிலயும் பிழை எண்டு எறிஞ்சிருப்பினம்.

உடுப்பு மாத்திற இடத்தில ஜினெற் வந்து மறிச்சா. "ஏன்? நான்தான் உன்ர பேரைச் சொன்னது. மூண்டுதரம் சொன்னனான்."

கல்லுச் சொன்னது எண்டு எப்பிடிச் சொல்லுறது? "எனக்குப் பிரெஞ்சு எழுத வராது" எண்டா றெஜினா.

"எழுதுறதோ? என்னத்தை எழுதுறது?" எண்டு ஜினெற் முழிச்சா. அதுக்குள்ள மணி அடிச்சுப்போட்டுது, ரண்டு பேரும் தங்கட மேசைக்குப் போச்சினம்.

யூன் மாசம் ஜினெற்றுக்குக் கேக் வெட்டி அனுப்பிச்சினம். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெசிக்கா ஒரு கடதாசியோட றெஜினாவின்ர மேசைக்கு வந்தாள்.

"அன்ரி, இந்தக் கிழமை எத்தினை முடிஞ்சது? எத்தினை பிழை?"

"என்ன கடதாசி அது?"

"வெள்ளிக்கிழமை அறிக்கை."

றெஜினா வாங்கிப் பாத்தா. அச்சடிச்ச தாள். ஏழு வரி. ஆறு வரியில இலக்கம் மட்டும் எழுதவேணும். ஏழாவதில 'குறிப்பு' எண்டு பிரெஞ்சில போட்டு ஒரு கோடு.

"அப்ப இந்த ஏழாவது?"

"அதை ஒருத்தரும் எழுதுறேல்லை அன்ரி. பழைய ஃபைல் எல்லாம் பாத்தனான், ஜினெற் ஒருநாளும் எழுதேல்லை."

"எழுதேல்லையோ? ஒரு மணித்தியாலம் குனிஞ்சுகொண்டிருந்தாவே."

ஜெசிக்கா குரலைத் தாழ்த்திச் சிரிச்சாள். "அவவின்ர மேசை லாச்சியைத் திறந்தால் முழுக்கக் குறுக்கெழுத்துப் புத்தகம்."

பதினொரு வருசம்! ஒரு மனிசி குறுக்கெழுத்துப் போட்டதைக் கண்ணாடிக்குள்ளால பாத்து, இஞ்ச ஒரு மனிசி பதினொரு வருசம் பயந்திருக்கிறா. றெஜினா இலக்கங்களைச் சொன்னா, ஜெசிக்கா எழுதினாள். எல்லா இலக்கமும் றெஜினாவின்ர மண்டையில இருந்துதான் வந்தது, ஒரு தாளையும் பாக்கத் தேவைப்படேல்லை.

சனிக்கிழமை ஜெயனி பையைத் தேடி எடுத்தாள். சிநேகிதி ஒருத்திக்கு வேலை மாறுறதோ விடுறதோ எண்டு குழப்பமாம், அவளுக்குக் குடுக்கப்போறாளாம். குசினி மேசையில கொட்டி எண்ணினாள். "இருபத்தஞ்சு. சரியாய் இருக்கு."

றெஜினா வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டா. தலையைத் திருப்பாமல், சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டா. "எழுத்து இருபத்திநாலுதானே. அந்த வெறுங்கல்லு என்ன சொல்லுறது?"

"எது, இதுவோ? இது ஒண்டும் சொல்லாது. இது ஸ்பெயர்."

"என்னது?"

"ஸ்பெயர் அம்மா. ஒரு கல்லுத் துலைஞ்சால் இதில நாங்களே கீறிக்கொள்ளலாம். சில ஆக்கள் இதுக்கும் ஒரு கருத்து வைச்சிருக்கினம். ஆனால் இந்தப் பெட்டியில ஸ்பெயர் எண்டுதான் போட்டிருக்கு. கடைசிப் பக்கத்தில இருக்கே." வாசிச்சுக் காட்டினாள். கல்லை எப்பிடிக் கழுவுறது, வெயிலில வைக்கக்கூடாது எண்ட அறிவுறுத்தலுக்குக் கீழ ஒரு சின்ன வரி.

றெஜினா கத்தியை வைச்சா. கல்லைக் கையில எடுத்தா. பத்தொன்பது வருசம். ஒரு நாளைக்கு எத்தினை சேட்டு, எத்தினை ஸ்பெயர் தெறி. உள்பக்கம் கீழ்விளிம்பில இருக்கிற அந்தத் தெறி ஒரு கருத்தும் சொல்லுறதில்லை, மற்றது துலைஞ்சால் பாவிக்க அது சும்மா கிடக்கும். இந்த மொன்றியலில ஆர் ஏமாந்தாலும் அதில தான் ஏமாறியிருக்கக்கூடாது.

பானை மூடி கதைக்கத் துவங்கிச்சுது. ஜெயனி பையை எடுத்துக்கொண்டு தன்ர அறைக்குள்ள மாறினாள். கொஞ்ச நேரத்தில அல்பேட் அதிசயமாய் ரீவியை விட்டுக் குசினிக்குள்ள வந்து நிண்டார்.

"என்னப்பா?"

அவ சொன்னா. கல்லு, சீட்டு, ஸ்பெயர், குறுக்கெழுத்து, எல்லாத்தையும் ஒரே மூச்சில கொட்டினா. "நீங்கள் ஒருக்கால், ஒரே ஒருக்கால், எடும் எண்டு சொல்லியிருந்தால் நான் எடுத்திருப்பன். என்ர வாழ்க்கையில நீங்கள் ஒரு முடிவு சொன்னதுண்டோ?"

அல்பேட் கதிரையை இழுத்து இருந்தார். "எடும் எண்டு சொல்ல வந்தனான். நீர் உமக்கு வேண்டாமெண்டு சொல்ல ஒரு ஆளைத்தான் தேடினீர். அந்த ஆள் நானாய் இருக்க விரும்பேல்லை."

இந்தாள் பாண் சுடத்தான் லாயக்கு எண்டு றெஜினா நினைச்சிருந்தவ. வெங்காயத்தைத் திரும்ப எடுத்தா. கண்ணில தண்ணி வந்ததுக்கு வெங்காயம் கையில இருந்தது வசதியாய்ப் போச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெசிக்கா திரும்பக் கடதாசியோட வந்தாள். றெஜினா ஆறு இலக்கத்தையும் சொன்னா. பேந்து, "பேனையைத் தா" எண்டா.

"ஏன் அன்ரி?"

"இந்தமுறை வந்த பெட்டியில ஸ்பெயர் தெறி வரேல்லை. அதைச் சொல்லவேணும்."

ஏழாவது கோட்டில அவ பிரெஞ்சில எழுதினா. கை விறைச்சது, ஆனாலும் எழுதினா. ஒரே ஒரு வசனம். பிழையோ சரியோ தெரியாது. எழுதி முடிச்சுத் தாளை நீட்டினா. ஜெசிக்கா மேலோட்டமாய்ப் பாத்து, "நல்லம் அன்ரி" எண்டு சொல்லிக்கொண்டு கண்ணாடி அறைக்குள்ள போனாள்.

றெஜினா வெளியில நிண்டு பாத்துக்கொண்டிருந்தா. முதலாளி தாளை வாங்கினார், மேலயிருந்து கீழ வரைக்கும் வாசிச்சார். சிரிக்கேல்லை, முகமும் சுழிக்கேல்லை. ஏழாவது வரியில விரலை வைச்சுத் தலையாட்டினார், ஃபோனை எடுத்துத் தெறிக் கொம்பனியோட கதைச்சார். வைச்சுப்போட்டு ஜெசிக்காவின்ர தோளில தட்டி, கெட்டிக்காரி எண்ட மாதிரி ஏதோ சொன்னார்.

பேந்து பேனையை அவளிட்ட நீட்டினார். தாளின்ர அடியில, பொறுப்பாளர் எண்டு போட்டிருந்த இடத்தில, ஜெசிக்கா கையெழுத்து வைச்சாள்.